காணும் முன்பே கண்டது

(சித்தூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றால் போதும், மொட்டைத் தலைகள் வரிசையாகக் கடந்து போகும். ஆண், பெண், கைக்குழந்தை, சந்தனம் இன்னும் காயாத தலை, துண்டால் போர்த்திய தலை. யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதே தலை மறுநாள் காலை சென்னையில் ஓர் அலுவலகத்துக்குள் நுழைந்தால் வாசலிலேயே கேள்வி வந்துவிடும்: "என்ன சார், திருப்பதியா, பழனியா?" கேட்டவர் பதிலுக்குக் காத்திருப்பதுகூட இல்லை, லட்டுக்குக் கை நீண்டுவிடும். வந்தவர் தகப்பனாருக்குக் காரியம் முடித்து வந்தவராக இருந்தால், கேட்டவர் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். புற்றுநோய்க்கு மருந்தேற்றி முடி உதிர்ந்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். திருப்பதித் தெருக்களில் அவரை வேண்டுதல் செலுத்தியவர் என்றுதான் நினைப்பார்கள். வேறோர் ஊரில் பேருந்தில் ஏறினால் இரக்கத்தோடு இடம் விடுவார்கள். எது அவருக்கு ஆறுதல் என்பதை அவரிடம் யாரும் கேட்கப்போவதில்லை.

தலை ஒன்றுதான். பார்த்த கண்களிலும் பெரிய வேறுபாடு இல்லை. கண் கொண்டுவந்து தருவது கொஞ்சம். மீதியை மனம் தன் இருப்பிலிருந்து எடுத்துப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. அந்த இருப்பு, தாறுமாறாகக் கொட்டிக் கிடப்பதன்று. இன்னது இருந்தால் இன்னதும் இருக்கும், இது நடந்தால் அடுத்து அது நடக்கும் என்று கோத்து வைக்கப்பட்டது. உளவியலார் அதை ஸ்கீமா என்பார்கள். இந்தப் பேச்சில் மனச்சட்டகம் என்று வைத்துக்கொள்வோம். சட்டகம் என்ற உடனே, அது ஏதோ கழற்றி எறிய வேண்டிய குறை என்று நினைத்துவிடக் கூடாது. அது இல்லாமல் ஒரு தெருவைக்கூட நம்மால் கடக்க முடியாது. என் அக்கறை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைப் போகப்போகச் சொல்கிறேன்.

கேம்பிரிட்ஜில் ஃப்ரெடரிக் பார்ட்லெட் என்ற உளவியலாளர் 1932இல் நினைவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வட அமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து ஃபிரான்ஸ் போவாஸ் என்ற மானிடவியலாளர் பதிவு செய்த, ஆவிகள் போரிடும் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்தார். பிறகு, விட்டு விட்டு, நினைவிலிருந்து எழுதித் தரச் சொன்னார். அந்தக் கதையில் இரண்டு இளைஞர்கள் கடல்நாய் வேட்டைக்கு ஆற்றுக்குப் போகிறார்கள். எழுதித் தந்தவர்கள் பலரிடம் அவர்கள் மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். பழங்குடிகளின் தோணி ஆங்கிலேயரின் படகாயிற்று. ஆவிகள் பலருக்கு மறந்தே போயின. சாகும் மனிதனின் வாயிலிருந்து கறுப்பாக ஏதோ வெளிவருகிறது என்ற வரி, வாயில் நுரை தள்ளியது என்று மாறியது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. புரியாத இடத்தைப் புரிந்த பொருளால் அடைத்துவிட்டார்கள், அடைத்தது தெரியாமலே. நினைவு என்பது எடுத்துப் பார்ப்பதல்ல, ஒவ்வொரு முறையும் கட்டி எழுப்புவது என்று பார்ட்லெட் சொன்னதை இன்றுவரை யாரும் அசைத்துவிடவில்லை. 1981இல் அமெரிக்காவின் இல்லினாயில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மாணவ ஆய்வாளரின் அறையில் 30 பேரை அரை நிமிடம் போல உட்கார வைத்து, வெளியே அழைத்து, உள்ளே என்னென்ன இருந்தன என்று கேட்டார்கள். 9 பேர் புத்தகங்கள் இருந்தன என்றார்கள். அறையில் ஒரு புத்தகமும் இல்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 1979இல் அதே இல்லினாயில் வெளிவந்தது. இந்தியர்கள் சிலரிடமும் அமெரிக்கர்கள் சிலரிடமும் இரண்டு கடிதங்களைக் கொடுத்தார்கள். ஒன்று இந்தியத் திருமணத்தைப் பற்றியது, மற்றது அமெரிக்கத் திருமணத்தைப் பற்றியது. தத்தம் ஊர்க் கல்யாணத்தை எல்லோரும் வேகமாகப் படித்தார்கள், நிறைய நினைவில் வைத்திருந்தார்கள். அடுத்தவர் கல்யாணத்தைப் படிக்கும்போதுதான் வேடிக்கை. அமெரிக்க மணமகள் தன் பாட்டியின் திருமண உடையை அணிந்திருந்தாள் என்று கடிதத்தில் இருந்தது. அங்கே அது குடும்பப் பெருமை. படித்த இந்தியர் ஒருவருக்கு நினைவில் நின்றது, பெண் பார்க்க நன்றாகத்தான் இருந்தாள், உடைதான் பழசு என்பது. நம் வீட்டுக் கல்யாணத்தில் பெண்ணுக்குப் பாட்டியின் புடவையைக் கட்டிவிட்டால் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள் என்று அவர் மனம் கணக்குப் போட்டிருக்கிறது!

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். சித்தூரிலோ புத்தூரிலோ நகரியிலோ ஒரு தெலுங்குக் கல்யாணத்துக்கு வேலூர்ப் பக்கத்து உறவினர்கள் வந்து உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்திரிகையில் போட்ட முகூர்த்த நேரம் வந்துவிட்டது. கையில் அட்சதை தயார். தமிழரின் சட்டகத்தில் முகூர்த்தம் என்றால் தாலி, தாலி என்றால் கெட்டிமேளம். மேடையிலோ மணமக்களுக்கு நடுவே ஒரு திரை; திரைக்கு இருபுறமும் இருந்து சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்ததை ஒருவர் தலையில் ஒருவர் வைக்கிறார்கள். தெலுங்கர்களுக்கு அந்த நொடிதான் முகூர்த்தம். மங்கலசூத்திரம் பிறகு, நிதானமாக. வேலூர்க்காரர் கடிகாரத்தைப் பார்த்துப் பதறுகிறார்: நேரம் தாண்டிப் போகிறதே, ஐயர் என்ன செய்துகொண்டிருக்கிறார்? அவர் கண்ணெதிரில் கல்யாணம் நடந்து முடிந்துவிட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. இதே ஆள் ஊருக்குப் போய் என்ன சொல்வார்? "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, முகூர்த்தத்தைத்தான் கோட்டை விட்டுட்டாங்க."

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சித்தூர்க்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் இந்தக் குழப்பம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். "மாமா, இவங்க வழக்கத்துல அதுதான் முகூர்த்தம், அட்சதை போடுங்க" என்று காதில் சொன்னால் போதும். அடுத்த கல்யாணத்தில் அவரே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். சட்டகம் திருந்திவிட்டது. திருந்தியதற்குக் காரணம் வேலூர்க்காரரின் பெருந்தன்மை அல்ல. காதில் சொல்ல ஒருவர் இருந்தார், கேட்பதற்கு இவருக்கு ஒரு நெருக்கடியும் இல்லை.

இனி மலைக்குப் போவோம். திருமலையில் தரிசனம் என்பது மனப்பாடமாகிவிட்ட ஒரு நடைமுறை. கல்யாணகட்டா, குளியல், முதலில் வராகசுவாமி, பிறகு வைகுண்டம் கூடத்தில் காத்திருப்பு, நகரும் வரிசை, "ஜருகண்டி", உண்டியல், லட்டு. முதல் முறை போகிறவர்கூடப் பாதி வழியைக் கேள்வியறிவாலேயே கடந்துவிடுகிறார். தெலுங்கு ஒரு சொல்லும் தெரியாத திருநெல்வேலிக்காரருக்கும் "ஜருகண்டி" புரிகிறது. புரியாவிட்டாலும் முதுகில் படும் கை புரியவைத்துவிடும். இத்தனை மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு, பொதுவரிசையில் வருபவருக்கு ஜயவிஜயர் நிற்கும் வாசல் பக்கத்திலிருந்து கிடைப்பது சில விநாடி. கருவறைக்குள் விளக்கொளி மட்டும். அங்கிருந்து மூலவர் வரைக்கும் நல்ல தொலைவு. ஆனால் வெளியே வந்தவர் சொல்வதைக் கேளுங்கள்: திருநாமம், கிரீடத்தின் கற்கள், தங்கக் கரம், பாதம் வரை தொங்கும் மாலை, ஒவ்வொன்றாகச் சொல்வார். பொய்யில்லை, அவர் பார்த்திருக்கிறார். எங்கே பார்த்தார் என்பதுதான் கேள்வி. வீட்டுக் கூடத்தில் மாட்டிய காலண்டரில், கார் முகப்பில், கடைக் கல்லாவுக்கு மேலே, பிறந்த நாள் முதல் பார்த்து வந்திருக்கிறார். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை; ஆகவே ஒத்துப் பார்க்கவும் வழியில்லை. அந்தச் சில விநாடி, வாழ்நாள் முழுதும் சேர்த்து வைத்த உருவத்தை ஏற்றி வைத்த விளக்கு. பக்தியைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்தர்கள் இதைவிட அழுத்தமாகவே சொல்லியிருக்கிறார்கள். அகக்கண் என்று நாம் எதைச் சொல்லி வருகிறோம்?

அந்தத் திருவுருவத்தையே ஒவ்வொருவர் ஒவ்வொன்றாகக் கண்ட வரலாறும் உண்டு. சிலப்பதிகாரம் வேங்கடத்தில் சங்கும் சக்கரமும் ஏந்திய திருமாலைக் காட்டுகிறது. பேயாழ்வார் மூன்றாம் திருவந்தாதியில் சடையும் முடியும் ஒருசேரத் தோன்றும் உருவமாகப் பாடியிருக்கிறார். பின்னாளில் சைவர்கள் உரிமை கோரியதையும் இராமானுசர் அதைத் தீர்த்ததையும் வைணவ மரபு விரிவாகச் சொல்கிறது. முருகன் என்போர் இன்றும் இருக்கிறார்கள். பாலா என்று அம்மனைக் காண்போரும் இருக்கிறார்கள். வழக்கில் யார் சரி என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. வழக்காடுகிறவர்கள் எல்லோரும் பார்ப்பது ஒரே சிலையை. அந்தச் சிலை ஒருவரையும் மறுத்துப் பேசுவதில்லை. எனவே ஒருவர் சட்டகமும் உடையவில்லை.

மறுத்துப் பேசக்கூடிய ஒருவர்மேல் இப்படி ஒரு சட்டகத்தை ஏற்றினால்? அந்தக் கதையும் இந்த மண்ணுடையதுதான்.

பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் 1895 மே மாதம் நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில் ஜிட்டு நாராயணய்யா வீட்டில் எட்டாவது குழந்தை பிறந்தது. பிறந்த நாள் 11ஆம் தேதியா 12ஆம் தேதியா என்பதிலேயே இரண்டு கட்சி. நாள் நள்ளிரவில் தொடங்குகிறதா விடியலை ஒட்டித் தொடங்குகிறதா என்பதைப் பொறுத்தது அது. நாராயணய்யா வருவாய்த் துறையில் இருந்தவர், பிரம்மஞான சங்கத்தவர். ஓய்வுக்குப் பிறகு 1909 தொடக்கத்தில் பிள்ளைகளோடு சென்னை அடையாற்றில் சங்கத்தின் நிழலுக்கு வந்து சேர்ந்தார். அந்த எட்டாவது பிள்ளை கிருஷ்ணமூர்த்தி பள்ளியில் அடி வாங்குகிறவன். மலேரியாவில் இளைத்த உடம்பு, பாதி திறந்த வாய், எங்கோ பார்க்கும் கண். பாடம் சொல்லிக் கொடுத்த எர்னஸ்ட் வுட் என்ற ஆங்கிலேயர் இவனை மந்தபுத்தி என்றே எண்ணினார். அதே பையனை அதே ஆண்டில் அடையாற்றுக் கடற்கரையில் பார்த்த, அதே சங்கத்தவரான சார்லஸ் லெட்பீட்டருக்கு, அவனைச் சுற்றித் தன்னலத்தின் துளியும் இல்லாத ஓர் ஒளிவட்டம் தெரிந்தது. சங்கம் எதிர்பார்த்திருந்த உலக குரு வந்து இறங்கப்போகும் உடல் இதுதான் என்று அறிவித்தார். வகுப்பறையில் மக்கு, கடற்கரையில் அவதாரம். இரண்டையும் பார்த்தவர்கள் படித்தவர்கள், ஒரே சங்கத்தில் ஒரே வளாகத்தில் வாழ்ந்தவர்கள்.

லெட்பீட்டர் அதற்கு முன்பே ஹ்யூபர்ட் வான் ஹூக் என்ற அமெரிக்கச் சிறுவனை அதே இடத்துக்குப் பார்த்து வைத்திருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அந்தச் சிறுவன் தாயோடு அடையாறு வந்து சேர்ந்தபோது இடம் நிரம்பியிருந்தது. இதற்கு என்ன பொருள்? குருவின் நாற்காலி முதலில் செய்யப்பட்டது. உட்கார ஆள் பிறகு தேடப்பட்டார். அந்த நாற்காலி இல்லாமல், அழுக்குச் சட்டையோடு கடற்கரையில் நின்ற ஒரு தெலுங்குப் பையனை அன்று எந்த வெள்ளைக்காரர் நின்று பார்த்திருப்பார் என்பதும் நியாயமான கேள்விதான். சட்டகம் இல்லாததைக் காட்டும். சில நேரம், மற்றவர்கள் தவறவிட்டதையும் காட்டிக் கொடுக்கும். லெட்பீட்டர் தவறான காரணத்துக்காகச் சரியான பையனைக் கண்டார் என்று சொல்லத் தோன்றுகிறது எனக்கு.

1911இல் கிருஷ்ணமூர்த்திக்காகக் கிழக்கின் விண்மீன் சங்கம் தோன்றியது. தகப்பனார் பிள்ளைகளை மீட்க, அவர்களைப் பொறுப்பில் வைத்திருந்த பிரம்மஞான சங்கத் தலைவர் அன்னி பெசன்ட்மேல் வழக்குத் தொடுத்து, லண்டன் வரை போன அந்த வழக்கில் 1914இல் தோற்றார். 1929 ஆகஸ்ட் 3ஆம் நாள் ஹாலந்தில் ஓம்மன் முகாமில், ஏறத்தாழ 3000 உறுப்பினர்கள் முன்னால், கிருஷ்ணமூர்த்தி அந்தச் சங்கத்தைத் தாமே கலைத்தார். தம்மேல் ஏற்றப்பட்ட உருவத்தை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இருபது ஆண்டுகள் ஆயின. சொல்வதற்கு மேடை இருந்தது, கேட்க ஆட்கள் இருந்தார்கள், அதனால் சொல்ல முடிந்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் அவர் திரும்பத் திரும்பப் பேசியதில் ஒன்று இது: கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை, ஆண்டுக்கணக்கில் சேர்ந்த இரண்டு பிம்பங்கள்தாம் பேசிக்கொள்கின்றன. பிம்பமே இல்லாமல் பார்க்க முடியும் என்றும் அவர் சொன்னார். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நாற்பது வயதுக்காரர் தம் அம்மாவை எந்த முன்னறிவும் இல்லாமல் பார்க்க முடியுமா, முடிந்தாலும் அம்மா அதை விரும்புவாரா? ஆனால், இருபது வயதுக்குள் ஒரு பிம்பத்துக்குள் அடைக்கப்பட்ட ஒருவர் சொல்கிறார் என்பதால் அதைத் தள்ளிவிடவும் முடியவில்லை.

மதனப்பள்ளிக்கு அருகே அவர் பெயரோடு சேர்ந்த ரிஷிவேலிப் பள்ளி இருக்கிறது. வசதி உள்ளவர்களின் உறைவிடப் பள்ளி என்றே பலருக்கும் நினைவு. அதன் கிராமப்புறக் கல்வி மையம் சுற்றுக் கிராமங்களில் செய்த வேலைதான் என் கண்ணில் பெரிது. ஒரே ஆசிரியர், ஒரே அறை, பல வயதுப் பிள்ளைகள், அடிக்கடி விடுப்பு. பள்ளிக்கூடம் என்ற சட்டகத்தில் இவை எல்லாமே கோளாறுகள். மையத்தின் பத்மநாப ராவும் ரமாவும் அவற்றைக் கோளாறாக எடுக்காமல் இயல்பாக எடுத்துக்கொண்டு ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடநூல் சிறுசிறு அட்டைகளாகப் பிரிந்தது. சுவரில் ஓர் ஏணிப்படம். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பிள்ளைக்கே தெரியும். அறுவடைக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்த பிள்ளை, விட்ட படியிலிருந்து ஏறும். வகுப்பு அதை விட்டுவிட்டு ஓடிப்போயிருக்காது.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 முதல் எம். பி. விஜயகுமார் முன்னின்று கொண்டுவந்த செயல்வழிக் கற்றலின் வேர் இங்கேதான். 2007-08இல் அது தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போயிற்று. தரையில் பாய், பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்ந்த கரும்பலகை, பிள்ளைகளோடு தரையில் ஆசிரியர். எட்டிப் பார்த்த பெற்றோருக்கு அது பள்ளிக்கூடமாகவே தெரியவில்லை. சத்தம் கேட்கிறது, வாத்தியார் நிற்கவில்லை, புத்தகம் இல்லை, அப்படியென்றால் படிப்பு நடக்கவில்லை. குறை சொன்ன எல்லாவற்றையும் அறியாமை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. அட்டைகளை வைத்து வெறும் சடங்காக நடத்திய வகுப்புகளும் இருந்தன. முறை பின்னர் பலவாறு திருத்தப்பட்டது. 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஒன்று. பழைய வகுப்பில் முதல் மாதத்திலேயே ஒரு பிள்ளை மக்கு என்று ஆசிரியர் மனத்தில் பதிந்துவிட்டால், ஆண்டு முழுதும் அந்தப் பிள்ளை அதற்கு மறுமொழி சொல்ல இடமே வராது. கேள்வியே அதன் பக்கம் போகாது. ஏணியில் அது ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆசிரியரின் எண்ணத்துக்கு ஒரு மறுமொழி சொல்கிறது, வாயே திறக்காமல். பார்க்கப்படுபவர் திருப்பிச் சொல்ல இடம் இருந்தால் சட்டகம் திருந்தும். இல்லாவிட்டால், பார்ப்பவர் எவ்வளவு நல்லவரானாலும் திருந்தாது. நான் சொல்ல வந்தது இதுதான்.

திருப்பிச் சொல்ல இடமில்லாத ஒரு கட்டம் இந்த மாவட்டத்தின் எல்லைக் கதையிலும் உண்டு; அதைச் சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். உங்களில் மூத்தவர்களுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 அக்டோபர் 1 அன்று புதிய ஆந்திர மாநிலத்தோடு போயிற்று. தொல்காப்பியப் பாயிரம் வடவேங்கடத்தைத் தமிழுலகின் எல்லையாகச் சொன்ன நாள் முதல் அந்த மலை தமிழரின் மனப்படத்தில் வடக்கு விளிம்பு. தாள்ளப்பாக்கம் அன்னமய்யா பதினைந்தாம் நூற்றாண்டில் பாடிப் பாடி, பின்னர் செப்பேடுகளில் ஏற்றப்பட்ட ஆயிரக்கணக்கான கீர்த்தனைகளுக்குப் பிறகு அதே மலை தெலுங்கரின் மனப்படத்தில் நடு மையம். ம.பொ.சி. அவர்களும் மங்கலங்கிழார் அவர்களும் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கப் போராடினார்கள். பட்டாஸ்கர் தீர்ப்பின்படி, கிராமத்தை அலகாகக் கொண்டு, எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார்த்து, 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றி வரையப்பட்டது. திருத்தணி அந்தப் பக்கம், சத்தியவேடு இந்தப் பக்கம். கிராமத்தை எண்ணலாம்; வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்கும் பேசி, இரண்டிலும் சண்டை போடும் குடும்பத்தை எந்தப் பக்கம் எண்ணுவது? கணக்கெடுப்பின் தாய்மொழிக் கட்டத்துக்கு ஒரு பதில்தான் தேவைப்பட்டது. இந்த அவையில் இருக்கும் பலருடைய தாத்தாக்கள் அந்தக் கட்டத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு, மறுபடி இரண்டு மொழியிலும் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

2015 ஏப்ரல் 7ஆம் நாளைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை இங்கே முடிக்க முடியாது. சேஷாசலக் காட்டில், சந்திரகிரிக்கு அருகே, ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டவர்; திருவண்ணாமலை, தர்மபுரிப் பகுதிகளின் மலையூர்களைச் சேர்ந்த கூலிகள் பலர். கற்களாலும் கோடரிகளாலும் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பேருந்திலிருந்து முன்தினமே இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் வரை விவகாரம் போனது. எது உண்மை என்று நான் இங்கே விசாரிக்கவில்லை. தப்பியவர்களில் ஒருவர் சொன்னதாக அன்றைய நாளிதழ்களில் வந்த ஒரு விவரம் மட்டும் என்னை விடவில்லை. பேருந்தில் அவர் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாராம். ஏறிய காவலர்கள் அவரோடு வந்த ஆண்களை இறக்கினார்களாம். இவரை அந்தப் பெண்ணோடு வருபவர் என்று எண்ணி விட்டுவிட்டார்களாம்.

அவர் சொன்னது அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டால், அந்தச் சில நொடியில் நடந்தது என்ன? மரம் வெட்ட வருகிறவர் என்ற சட்டகம் ஒன்று இருந்தது. தமிழ்ப் பேச்சு, காய்த்துப்போன கை, கூட்டாகப் பயணம் செய்யும் ஆண்கள், சின்னப் பை. குடும்பஸ்தன் என்ற சட்டகம் இன்னொன்று. அதற்கு ஒரு பெண் பக்கத்தில் இருந்தால் போதும். அந்தப் பெண் யாரோ எவரோ. ஒருவர் உயிர் ஒரு தவறான ஊகத்தால் பிழைத்தது. மற்றவர்களைப் பற்றிய ஊகம் சரியா தவறா என்று சொல்ல அவர்கள் இல்லை.

காவலரின் சட்டகம் காற்றில் பிறந்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். செம்மரம் உலகிலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியில்தான் இயற்கையாக வளர்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து வெட்டுக்கூலிக்கு ஆட்களைத் திரட்டிக்கொண்டு வருவதும் நடந்திருக்கிறது. பலமுறை சரியாகப் போன ஊகம்தான் ஆபத்தானது. சரியாகப் போகாத ஊகத்தைச் சட்டகமாக யாரும் சுமப்பதில்லை. வெட்டுகிறவர் கண்ணில் படுகிறார், வாங்கி விற்பவர் படுவதில்லை. கண்ணில் படுபவரைக் கொண்டே சட்டகம் வளர்கிறது. நம் பக்கமும் கை சுத்தமில்லை. அந்த வாரம் தமிழ்நாட்டில் ஆந்திரப் பேருந்துகள்மேல் கல் விழுந்தது. அந்தப் பேருந்துகளில் இருந்தவர்கள் யார்? உங்களைப் போல இரண்டு மொழிக்காரர்கள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், காய்கறி வியாபாரிகள்.

என்ன செய்யலாம் என்று கேட்டால், மனத்தைத் திருத்துங்கள் என்று பொதுவாகச் சொல்லும் அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனம் அப்படிச் சொன்னதற்காகத் திருந்துவதில்லை. திருப்பிச் சொல்லும் இடத்தை ஏற்படுத்துவதில்தான் வேலை இருக்கிறது; சட்டம் அதை ஓரளவு முன்பே செய்திருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால் அதை அவருக்குப் புரியும் மொழியில் நீதிமன்றத்திலேயே பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்றது. அதன் இடத்தில் 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. தடுப்புக்காவலுக்கான காரணங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, வாயால் விளக்கிவிட்டால் போதாது, அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதித் தர வேண்டும் என்று 1962இலேயே உச்ச நீதிமன்றம் ஹரிகிசன் வழக்கில் சொல்லிவிட்டது.

மொழிபெயர்ப்பாளர் யார் என்பதுதான் மிச்சம். திருப்பதியிலும் சித்தூரிலும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் ஜவ்வாது மலைக்காரரின் தமிழ், சென்னைச் செய்தி வாசிப்பாளரின் தமிழன்று. அவருடைய தமிழும் இந்த நகரத் தெலுங்கும் இரண்டும் காதில் ஏறக்கூடியவர்கள் உங்களிடையேதான் இருக்கிறார்கள். வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள் என்று பத்துப் பேர் முன்வந்து சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் பெயர் கொடுத்தால், இந்த அறக்கட்டளையே அதை ஒருங்கிணைக்கலாம் என்பது என் வேண்டுகோள். அப்படி மொழிபெயர்க்க உட்காருகிறவர்களிடமும் ஒரு சட்டகம் இருக்கும். மலைக்காரர் என்றதும் நகரத் தமிழர் மனத்தில் ஓடுவது என்ன என்று நமக்குத் தெரியாதா? அதற்கு ஒரு சின்ன நடைமுறை சொல்கிறேன். படிவங்களில் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் மேலே வந்துவிடும். ஊரைக் கேட்ட உடனே கேட்பவர் மனத்தில் மீதி எழுதி முடிந்துவிடுகிறது. எனவே அந்தக் கட்டங்களைக் கொஞ்ச நேரம் காலியாக விட்டுவிட்டு, எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள், எதற்காக என்று முதலில் கேளுங்கள். அவர் முழுக்கச் சொல்லி முடிக்கட்டும். ஊரைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.